நிலவறை வேண்டுமா? தென்சென்னை வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

## பின்னணி

2022 பிப்ரவரியில் ஒரு தந்தையும் மகனும், வீடுகளை வடிவமைக்கும் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு மேற்கே, மடிப்பாக்கத்தை ஒட்டிய தெரு ஒன்றில் அவர்களுக்கு ஒரு கிரவுண்டு மனை இருந்தது. 40 அடிக்கு 60 அடி. அதில் தொண்ணூறுகளில் கட்டிய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். தந்தை ஓய்வுபெற்ற அரசு ஊழியர். மகன் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டுக் குடும்பத்தோடு திரும்பியவர். அவருக்கு ஒரே பிடிவாதம்: வீட்டுக்கு அடியில் ஒரு தளம் வேண்டும். அதில் இரண்டு கார்கள், ஓர் உடற்பயிற்சி அறை, படம் பார்க்க ஓர் அறை.

அந்த ஆசையை நான் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு கிரவுண்டில் நான்கு பக்கமும் இடம் விட்டது போக, கட்டுவதற்கு ஏறக்குறைய 1,200 சதுர அடிதான் மிஞ்சும். சென்னையில் மனை விற்கும் விலைக்கு, அடியில் ஒரு தளம் கிடைப்பது சும்மா கிடைத்த மனை போலத் தோன்றும். அவர் வாழ்ந்த ஊரில் நிலவறை சாதாரணம் என்பதற்கும் ஒரு காரணம் உண்டு. குளிர்காலத்தில் மண்ணிலுள்ள நீர் உறைந்து வீங்கி அஸ்திவாரத்தையே தூக்கிவிடும். அதனால் மின்னசோட்டாவில் அஸ்திவாரத்தை மூன்றரை முதல் ஐந்து அடி ஆழம் கொண்டுபோயாக வேண்டும். அவ்வளவு தோண்டியவர்கள் இன்னும் நான்கடி தோண்டினால் ஓர் அறை கிடைத்துவிடுகிறது. சென்னையில் மண் உறைவதில்லை. இங்கே அடியில் இருப்பது வேறு தொல்லை.

பழைய வீட்டை இடிக்க வேண்டி வந்ததே அந்தத் தொல்லையால்தான். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் மேலே மேலே போட்டதில், வீட்டின் தரை சாலையைவிட ஓர் அடி தாழ்ந்துவிட்டது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் குடும்பம் எதிர்வீட்டு மாடியில் இரண்டு இரவுகள் தங்கியிருந்தது. எதிர்வீட்டுச் சுவரில் அப்போதைய நீர்க்கறை இன்னும் இருந்தது. அளந்து பார்த்தேன்: இன்றைய சாலையிலிருந்து 95 சென்டிமீட்டர்.

## ஒரு சொற்குழப்பம்

என்னிடம் வருவதற்கு முன்பே தந்தை ஒரு மேஸ்திரியிடம் விலை கேட்டிருந்தார். பேஸ்மென்ட்டுக்கு ஆறு லட்சம் ஆகும் என்று அவர் சொல்லியிருக்கிறார். மகனுக்கு மகிழ்ச்சி. எனக்கு அந்தத் தொகையைக் கேட்டவுடனே விஷயம் புரிந்துவிட்டது.

நம் ஊர்க் கட்டட வேலையில் பேஸ்மென்ட், அதாவது பேஸ்மட்டம் என்றால், சுவர் எழும்புவதற்கு முன் தரைக்கு மேலே கட்டி மண் நிரப்பும் பீடம். மகன் கேட்டது பூமிக்குக் கீழே. மேஸ்திரி விலை சொன்னது பூமிக்கு மேலே. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. ஆனாலும் ஒரு குடும்பம் இரண்டு வாரம் அந்த ஆறு லட்சத்தை நம்பி வீட்டுக் கடனுக்குக் கணக்குப் போட்டிருந்தது. அன்றிலிருந்து பேச்சிலும் வரைபடத்திலும் நிலவறை என்ற சொல்லை மட்டுமே பயன்படுத்துவது என்று முடிவு செய்தோம்.

கார்கள் விஷயம் வரைபட மேசையிலேயே தீர்ந்துவிட்டது. சாலையிலிருந்து 2.7 மீட்டர் கீழே கார் இறங்க வேண்டும். எட்டுக்கு ஒன்று என்ற சரிவில் இறங்கினால் சரிவுப்பாதையே 21 மீட்டருக்கு மேல் நீளும். மனையின் மொத்த நீளம் 18 மீட்டர். மகன் தாளில் தானே ஒருமுறை கோடு போட்டுப் பார்த்துவிட்டு, "சரி, கார் வெளியே நிற்கட்டும். மற்ற இரண்டும் கீழே இருக்கலாம் அல்லவா?" என்றார். நிலவறையைப் பொருள் வைக்கவும், வாகனம் நிறுத்தவும், இயந்திரங்களுக்குமே முக்கியமாக 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு கருதியிருக்கிறது. படுக்கையறையாக அதை யாரும் நினைக்கக் கூடாது என்பதை அப்போதே சொல்லி வைத்தேன்.

## மண் பரிசோதனை, மே 2022

இரண்டு இடங்களில் 12 மீட்டர் ஆழத்துக்குத் துளையிட்டோம். மேலே 1.2 மீட்டர் பழைய கட்டட இடிபாடு கலந்த நிரப்பு மண். அதன்கீழ் 4.5 மீட்டர் வரை களிமண். சம்மட்டியால் அடித்துச் செய்யும் ஊடுருவல் சோதனையில் அதன் எண் 4 முதல் 7 வரைதான், அதாவது பலமற்ற மண். அடுத்து களி கலந்த மணல். எட்டு மீட்டருக்குக் கீழே சிதைந்த பாறை. நீர் மட்டம் 3.6 மீட்டர் என்று அறிக்கை சொன்னது.

இந்த ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு வேறொரு ஒப்பந்தக்காரர் குடும்பத்துக்கு உற்சாகம் ஊட்டிவிட்டார். நிலவறையின் அடிமட்டம் 3 மீட்டர், நீரோ 3.6 மீட்டரில், ஆகவே ஈரமே வராது என்பது அவர் வாதம். எண்ணில் பிழை இல்லை. பிழை மாதத்தில் இருந்தது. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. மே மாதக் கடைசியில் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு நவம்பரைப் பற்றிப் பேச முடியாது.

நான் கேட்டது ஆறு மாதக் காத்திருப்பு. மகனுக்கு எரிச்சல், வாடகை வீட்டில் இருந்துகொண்டு, வெறும் மனையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா என்றார். தந்தைதான் சம்மதிக்க வைத்தார். ஒரு துளையில் துளைகள் போட்ட இரண்டு அங்குல பிவிசி குழாயை இறக்கி, சுற்றிலும் பொடிஜல்லி நிரப்பி, மேற்புற ஒரு மீட்டரைச் சிமெண்டுக் குழம்பால் அடைத்து மூடி போட்டோம். மேல்மழை நேராக இறங்கி அளவைக் கெடுக்கக் கூடாது என்பதற்காக அந்த அடைப்பு. மொத்தச் செலவு சில ஆயிரங்கள். இந்த ஆய்வில் மிக அதிகம் பயன்பட்ட பொருள் அந்தக் குழாய்தான்.

## மழைக்காலம்

அளக்கும் பொறுப்பைத் தந்தை ஏற்றார். ஒவ்வொரு ஞாயிறும் டேப்பை இறக்கி அளந்து, நாட்குறிப்பில் எழுதி, எனக்கும் ஒரு செய்தி அனுப்புவார். ஆகஸ்ட் கடைசியில் 2.9 மீட்டர். அக்டோபர் நடுவில் 2.1. நவம்பர் இரண்டாம் வார மழைக்குப் பின் 0.6. டிசம்பர் 9ஆம் தேதி இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்த பிறகு 0.35.

மகன் நியாயமான ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். களிமண்ணில் நீர் நகர்வது மெதுவாகத்தான். குழாயில் நிற்பது எப்படியோ உள்ளே புகுந்த மழைத் தண்ணீராக இருக்கக் கூடாதா? சோதிக்க வழி எளிது. குழாயிலிருந்த நீரை முழுவதும் இறைத்துவிட்டு மூடி வைத்தோம். மழையில்லாத இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது நீர் பழைய மட்டத்துக்கு ஒரு கையளவு குறைவாக வந்து நின்றது. அதன் பிறகு அவர் அந்தக் கேள்வியை எழுப்பவில்லை.

## கணக்கு

நீர் உள்ளே கசிவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எனக்குப் பெரிய கவலை மிதப்பு. தரைமட்டம் வரை நீர் நிற்கும் மண்ணில் மூடிய பெட்டி ஒன்றைப் புதைத்தால், அது இடம்பெயர்த்த நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேலே தள்ளும். 9 மீட்டருக்கு 12 மீட்டர் பரப்பு, 3 மீட்டர் ஆழம் என்றால் 324 டன். கான்கிரீட் அடித்தளம், சுவர்கள், மேல்தளம் எல்லாம் சேர்ந்த நிலவறைப் பெட்டியின் எடை என் கணக்கில் 210 டன் வந்தது. மேலே ஒரு மாடி எழுப்பினால் ஏறத்தாழ 108 டன் கூடும்: 318. அப்போதும் போதாது. இரண்டாவது மாடியின் தளமும் போட்ட பிறகுதான் 426 டன் ஆகிறது. மிதப்பு விசையைப்போல் 1.3 மடங்கு. குறைந்தது 1.2 மடங்காவது இல்லாமல் நான் கையெழுத்திடுவதில்லை.

கட்டி முடித்த வீடு மிதக்காது. கட்டிக்கொண்டிருக்கும் வீடு மிதக்கும். அடித்தளம் போட்ட நாளிலிருந்து இரண்டாம் மாடித் தளம் இறுகும் நாள் வரை மோட்டார் நிற்கவே கூடாது. ஜனவரியில் தோண்டத் தொடங்கினாலும் அக்டோபருக்குள் அந்தக் கட்டத்தை எட்டுவது ஒருநாளும் தாமதமில்லாத வேலைக்குத்தான் சாத்தியம். அப்படியொரு வேலையை நான் இதுவரை பார்த்ததில்லை. அடித்தளத்தைத் தடிமனாக்கியோ, பாறையில் பிடிக்கும் பைல்களோடு (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்கள்) கட்டியோ மிதப்பை அடக்கலாம் என்பதும் உண்மை. இரண்டையும் கணக்கிட்டோம். மதிப்பீடு மேலும் ஏறியது.

அடுத்த கவலை பக்கத்து வீடு. எல்லைச் சுவருக்கு ஐந்தடி தள்ளி, நான்கடி ஆழ அஸ்திவாரத்தில் நிற்கும் நாற்பது வருட வீடு. தனியாக ஒரு மூதாட்டி வசிக்கிறார். அதை ஒட்டிப் பத்தடி ஆழம் தோண்டி, வாரக்கணக்கில் நீரை இறைத்தால், அந்தக் களிமண் நீரை இழந்து சுருங்கி அமரும். அதைத் தடுக்க மூன்று பக்கமும் நெருக்கமாகப் பைல் வரிசை போட வேண்டும்.

குடும்பத்தின் முன் வைத்த மதிப்பீடு இது. பக்கவாட்டுப் பைல் வரிசைக்கு 13 லட்சம், நீர் இறைக்க 4, மண் எடுத்து அகற்ற 2, கான்கிரீட்டுக்கு 14, நீர்க்காப்புக்கு 4, பம்பு, ஜெனரேட்டர், காற்றோட்டத்துக்கு 4. ஆக 41 லட்சம், கார் நிற்காத ஒரு தளத்துக்கு.

## முடிவு, ஜனவரி 2023

அந்தச் சந்திப்பு மூன்று மணி நேரம் நீடித்தது. மகன் கடைசி வரை கேள்விகள் கேட்டார். மெட்ரோ ரயில் சுரங்கத்தையே இதே ஊரில் கட்டவில்லையா என்றார். கட்டினார்கள், அந்தச் செலவும், இரவு பகல் கண்காணிப்பும், பராமரிப்புக்கென்று ஒரு துறையும் உங்களிடம் உண்டா என்று நான் கேட்டிருக்கலாம். சற்று மென்மையாகத்தான் சொன்னேன். "கட்டலாமா என்று கேட்டால், கட்டலாம். ஆனால் மின்சாரம் போன ஒரு புயல் இரவில் பம்பை ஓட்ட வேண்டியவர் நீங்கள். இருபது வருடம் கழித்தும் நீங்கள்தான்."

முடிவைச் சொன்னவர் தந்தை. அவர் எடுத்தது மிதப்புக் கணக்கை அல்ல. "அந்த அம்மா வீட்டுச் சுவரில் ஒரு விரிசல் விழுந்தால், தினம் காலையில் அவர் முகத்தில் எப்படி விழிப்பேன்?" என்றார். மகன் அதற்குப் பிறகு வாதாடவில்லை.

நிலவறைக்குப் பதிலாகத் தூண் தளம்: கீழே கார்கள், மேலே இரண்டு மாடிகள். சாலையிலிருந்து தூண் தளத்தின் தரையை எவ்வளவு உயர்த்துவது என்பதில் ஒரு சமரசம் செய்தோம். 2015 கறைக்கு மேலே போக வேண்டுமென்றால் ஒரு மீட்டர் உயர்த்த வேண்டும். முன்புறம் கிடைத்தது மூன்று மீட்டர். அதில் 60 சென்டிமீட்டருக்கு மேல் ஏற்றினால் காரின் அடி உரசும். 60 என்று நிறுத்தினோம். வெள்ளம் வந்தால் தூண் தளத்தில் நீர் புகும், கார்களை முன்கூட்டியே அகற்ற வேண்டும் என்பதைத் தெரிந்தே ஏற்றுக்கொண்டோம். மின் மீட்டர் பெட்டியைத் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் பொருத்தினோம். தரைக்கு அடியிலுள்ள தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் விளிம்பை 45 சென்டிமீட்டர் தூக்கி, இறுக்கமான மூடி போட்டோம்.

தூண் தளம் என்றதும் தாய் கேட்டது ஒன்றுதான்: "இந்தக் காலை வைத்துக்கொண்டு தினமும் ஒரு மாடி ஏற வேண்டுமா?" எனவே லிஃப்ட் சேர்ந்தது. லிஃப்டை விற்ற நிறுவனம் கொடுத்த வரைபடத்தில் அடியில் 1.4 மீட்டர் குழி இருந்தது. நானும் பார்த்தேன், கையெழுத்தும் போட்டேன். சுவர்க் கனம் போதுமா, கம்பி போதுமா என்று சரிபார்த்தேன். அதைத் தாண்டி யோசிக்கவில்லை.

## கட்டுமானமும் மிக்ஜாமும்

பிப்ரவரியில் வேலை தொடங்கியது. சிதைந்த பாறை வரை பைல் இறக்கினோம். பக்கத்து வீட்டில் விரிசல் ஏதும் இல்லை. 2023 கார்த்திகை முதல் வாரத்தில் கிரகப்பிரவேசம் நடந்தது. பந்தல் பிரித்துப் பத்து நாள்கூட ஆகவில்லை, டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயலின் மழை.

தெருவில் 85 சென்டிமீட்டர் நீர் நின்றது. தூண் தளத்தில் 25. கார்களை மகன் முதல் நாளே உயரமான இடத்தில் விட்டுவிட்டார். மீட்டர் பெட்டி நனையவில்லை. சம்ப்பில் தெரு நீர் கலக்கவில்லை. வீட்டுக்குள் ஒரு சொட்டும் இல்லை. அந்தத் தெருவில் மின்சாரம் மூன்று நாள் வரவில்லை. நிலவறை இருந்திருந்தால் அந்த மூன்று நாளும் ஜெனரேட்டருக்கு டீசல் தேடி அந்த நீரில் யாராவது நடந்திருக்க வேண்டும். நிலவறை வேலை ஓரிரு மாதம் தள்ளிப்போயிருந்தால் அந்த வாரம் அங்கே முடிந்த வீடு இருந்திருக்காது, எடை போதாத பெட்டிதான் இருந்திருக்கும். டிசம்பர் 4 காலையில் வேளச்சேரியில் கட்டடத்துக்காகத் தோண்டிய குழி சரிந்து இரண்டு பேர் சிக்கி இறந்தார்கள். அந்தச் செய்தியை மகன்தான் எனக்கு முதலில் அனுப்பினார். கூடவே ஒரு வார்த்தையும் எழுதவில்லை.

## நாங்கள் தவறவிட்டது

லிஃப்ட் வேலை செய்யவில்லை என்று ஐந்தாம் நாள் தொலைபேசி வந்தது. போய்ப் பார்த்தேன். தூண் தளத்தில் 25 சென்டிமீட்டர்தான் நீர். ஆனால் லிஃப்ட் குழி 1.4 மீட்டரும் நிரம்பியிருந்தது. மின்சாரம் போனதும் கூண்டு தானாகவே தூண் தளத்துக்கு இறங்கி நின்றுவிட்டது. அப்படித்தான் அதை அமைத்திருந்தார்கள். குழியிலிருந்த சுவிட்சுகள், தொங்கு கேபிள், கூண்டின் அடிப்பாகம் எல்லாம் சாக்கடை கலந்த நீரில் ஊறிவிட்டன.

பத்து மாதம் நிலவறை வேண்டாம் என்று வாதாடிய நான், அதே வீட்டில் ஒன்றரை மீட்டர் சதுரத்துக்கு ஒரு நிலவறையைக் கட்டிக் கொடுத்திருந்தேன். அதற்கு மழைநீர் உள்ளே வராதபடி ஒரு வரம்பு இல்லை, வெளியேற்ற பம்பு இல்லை, விலையுயர்ந்த இயந்திரத்தையும் அதற்குள்ளேயே வைத்திருந்தோம். லிஃப்ட் குழி என்று பெயர் வைத்ததால் அது என் கண்ணில் நிலவறையாகப் படவில்லை.

பழுதுபார்க்க 2.3 லட்சம் ஆனது. அதைவிடப் பெரிய விலை ஏழு வாரக் காத்திருப்பு. தாய் முதல் மாடியிலேயே அடைபட்டார். இரண்டு முறை மருத்துவரிடம் போக வேண்டியிருந்தது. இரண்டு முறையும் மகனும் ஓட்டுநரும் பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

தூண் தளத்தில் காவலாளிக்கென்று வைத்த கழிவறையும் சொல்லத்தக்கது. தெருக் கழிவுநீர்க் குழாய் நிரம்பியதும் நீர் பின்னோக்கி வந்து அந்தக் கழிவறை வழியாகத்தான் முதலில் உள்ளே புகுந்தது. வாசல் வழியாக நீர் ஏறியது அதற்குப் பல மணி நேரம் கழித்து.

## செய்த திருத்தங்களும் இனி மாற்றுவனவும்

குழியின் உட்புறம் நீர்க்காப்புப் பூச்சு, நீர் சேர்ந்தால் ஒலிக்கும் ஒரு கருவி, சிறிய பம்பு ஆகியவை வைத்தோம். லிஃப்ட் வாசலில் ரப்பர் விளிம்புள்ள 45 சென்டிமீட்டர் தடுப்புப் பலகையைப் பொருத்த இரும்புக் காடி அமைத்தோம். கூண்டு இனி ஓய்வு நிலையில் முதல் மாடியில் நிற்கும். கனமழை அறிவிப்பு வந்தால் அதை இரண்டாம் மாடிக்கு அனுப்பி மின்னிணைப்பைத் துண்டிப்பது வீட்டு வழக்கமாகிவிட்டது. கழிவறைக் குழாயில் ஒருவழி வால்வு வந்தது. 2024 அக்டோபர் நடுவில் கனமழை எச்சரிக்கை வந்து, வேளச்சேரி மேம்பாலத்தில் ஊரே கார்களை வரிசையாக நிறுத்தியபோது இவர்கள் பலகையையும் மாட்டி வைத்தார்கள். பயந்த அளவுக்கு மழை இல்லை. தெருவில் கணுக்கால் நீரோடு போயிற்று. பலகை இன்னும் உண்மையான சோதனையைச் சந்திக்கவில்லை.

இதே மனை மறுபடி என்னிடம் வந்தால், லிஃப்டின் முன்புறத் தரையை மட்டும் மேலும் 40 சென்டிமீட்டர் உயர்த்தி, பக்கவாட்டில் சாய்தளம் கொடுப்பேன். இடம் இருந்தது, நான் கேட்கவில்லை. ஆழக் குழி தேவைப்படாத வீட்டு லிஃப்டுகள் கிடைக்கின்றன, அவற்றையே பரிந்துரைப்பேன். முதல் வரைபடத்திலேயே 2015 கறையைச் சிவப்புக் கோடாக இழுத்து, அதற்குக் கீழே வருவது எதுவானாலும், குழியோ குழாயோ சுவிட்சோ, ஒவ்வொன்றாகக் கேள்வி கேட்பேன். இப்போது என் அலுவலகத்தில் எல்லா வரைபடங்களுக்கும் அந்தக் கோடு உண்டு.

நிலவறை வேண்டாம் என்ற முடிவை நான் மாற்ற மாட்டேன். ஆனால் அது இந்த மனைக்கான முடிவு. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் மேட்டுப் பாங்கான கெட்டி மண்ணில், நீர் ஆழத்தில் இருக்கும் இடத்தில், வேறு பதில் சொல்லியிருக்கிறேன். அங்கே தொல்லை பாறையை உடைக்கும் செலவாக இருக்கும். மகனும் இழப்பில்லாமல் இல்லை. படம் பார்க்கும் அறை இரண்டாம் மாடியில் மேற்குச் சுவரை ஒட்டி அமைந்தது. மே மாதத்தில் அங்கே ஏசி இல்லாமல் உட்கார முடியாது. பூமிக்கு அடியில் குளிர்ச்சியாக இருந்திருக்கும் என்று மின் கட்டணம் வரும்போதெல்லாம் சொல்கிறார். அது உண்மைதான்.

அளவுக் குழாயை நாங்கள் எடுக்கவில்லை. பின்புறம் துளசி மாடத்துக்குப் பக்கத்தில் மூடியோடு இருக்கிறது. தந்தை இப்போதும் மழைக்காலத்தில் ஞாயிறுதோறும் டேப்பை இறக்குகிறார். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. மறுநாள் ஞாயிறு. காலை ஏழு மணிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது: "0.40 மீட்டர். லிஃப்ட் மேலே. கார் மேம்பாலத்தில்."